மார்பளவு எடுக்காத மெடிக்கல்

ஜெபசிங் 1982 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தான். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அப்பா மோசஸ் கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்டவேலை பார்த்தார். அம்மா காசியம்மாள் அதே குடியிருப்பில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள்.

1996 கோடையில் வேப்பமரத்துக் கிளையைக் கழிக்க ஏறிய மோசஸ் தவறி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் காலில் எடை கட்டிப் படுக்கவைத்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் துணைக்கு இருந்தது ஜெபசிங். அந்த ஆண்கள் வார்டில் ஒரு ஆண் செவிலியர் இருந்தார். எண்பது கிலோ ஆளைக்கூடப் படுக்கை விரிப்போடு சேர்த்து ஒரே இழுப்பில் பக்கவாட்டில் திருப்பிவிடுவார். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்போதெல்லாம் ஜெபசிங்கைக் கூப்பிட்டார். மூன்றாம் வாரத்தில் மற்ற கட்டில்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். "தம்பி, உங்கப்பாவ அப்பறம் பாத்துக்கலாம், என்னக் கொஞ்சம் திருப்பி வுடு."

அவனுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, ராத்திரி படுத்தால் மறுநாள் யாரைத் திருப்பவேண்டும் என்று யோசிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. இந்த வேலைக்கு இன்னா படிக்கணும் என்று செவிலியரிடம் கேட்டான். "பதினொன்னாவதுல பயாலஜி இருக்கற குரூப் எடு. அது இல்லாட்டி வாசப்படிகூட ஏற முடியாது" என்றார் அவர். மறுவருஷம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையன்று பள்ளியில் எல்லோரும் கணக்குப்பதிவியல் வரிசையில் நிற்க, இவன் இயற்பியல், வேதியியல், உயிரியல் வரிசையில் போய் நின்றான்.

1999 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. மூன்று பாடங்களிலும் சேர்த்து எழுபத்தொரு சதவீதம். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டான். அந்த வருஷம் அங்கே ஐம்பது இடங்களில் ஆண்களுக்கு நான்கு. ஆகஸ்ட் முதல் வாரம் பலகையில் ஒட்டிய பட்டியலில் ஆண்கள் வரிசையில் நான்காவது பெயர் ஜெபசிங். அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர்.

தெருவே கேலி செய்தது. முதலில் ஆரம்பித்தது அவனைவிட மூன்று வயது மூத்த உயிர்த் தோழன் ராமதாஸ்.

"இன்னா நர்சம்மா, வெள்ளப் பொடவ எடுத்தாச்சா?"

"ஒனக்குத்தான் மொத ஊசி. எங்க போடுவேன்னு கேக்காத."

"டேய், நெசமாவே சேரப் போறியா?"

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி. இருபதாந்தேதி மெடிக்கல். அதுல பாஸாயி அன்னிக்கே ஆபீஸ்ல சேரணும். சேரலன்னா கோட்டுக்குக் கீழ இருக்கறவனுக்குப் போயிரும்."

மெடிக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் ராமதாஸின் கேலி நின்றுவிட்டது. இரண்டு முறை போலீஸ் தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் மார்பளவில் திரும்பி வந்தவன் அவன். அந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்த ஒரே மெடிக்கல் போலீஸ் மெடிக்கல்தான். கல்லூரிக் கையேட்டிலோ, உடல் தகுதி பரிசோதிக்கப்படும் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. மீதியை ராமதாஸ் தானே எழுதிக்கொண்டான்.

"மார்பு எம்பத்தொண்ணு சென்டி இருக்கணும். மூச்ச இழுத்தா எம்பத்தாறு வரணும். இல்லன்னா வூட்டுக்குப் போடான்னுடுவாங்க. எனக்கு நடந்தது ஒனக்கு நடக்க வுட மாட்டேன் மச்சான்."

மறுநாள் விடியற்காலையிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. டச்சுக் கோட்டைச் சுவரிலிருந்து கடற்கரை மணலில் ஓட்டம். பிறகு தண்டால். பிறகு பச்சை முட்டை. சின்னையன் என்ற இன்னொரு தோழன் தையற்கடையிலிருந்து டேப் வாங்கி வந்து தினமும் மார்பை அளந்தான். வலை உலர்த்த வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முதல் நாள் மூச்சை இழுத்தும் எண்பத்து நான்குதான் வந்தது. பத்தொன்பதாம் தேதி மாலை எண்பத்தாறேகால். மூன்று பேரும் மணலில் உருண்டு சிரித்தார்கள்.

"இன்னொண்ணு" என்றான் ராமதாஸ். "அங்க எதக் கேட்டாலும் களைப்புன்னு மட்டும் சொல்லிடாத. என் பக்கத்துல நின்னவன் 'மூச்சு வாங்குது சார்'னு சொன்னான். அத்தோட அவன வெளிய தள்ளிட்டாங்க."

ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. மூவரும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்தார்கள். கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே ராமதாஸ் விசிலடித்து இறக்கிவிட்டான்.

"இங்க இன்னாத்துக்கு எறங்கறோம்?"

"உடம்பு சூடானாத்தான் மார்பு விரியும். ஓடு."

சின்னையன் சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டான். லாரிகளுக்கு ஓரமாக மூன்று பேரும் ஓடினார்கள். கல்லூரி வாசலில் ராமதாஸ் தன் கைக்குட்டையால் ஜெபசிங்கின் முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினான்.

மருத்துவ அறை வராந்தாவில் மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு பையனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுக்குக் கீழே முதல் பெயர் அந்தப் பையனுடையது. யாராவது விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்கள். ஜெபசிங்கைப் பார்த்து அப்பா மரியாதையாகச் சிரித்தார்.

உள்ளே ஸ்ரீதேவி சிஸ்டர் உயரம் பார்த்தார், எடை பார்த்தார். சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைச் சொல்லச் சொன்னார். காதருகே கிசுகிசுத்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரி. அடுத்தது டேப்தான் என்று ஜெபசிங் மூச்சை இழுத்து மார்பை நிமிர்த்தி நின்றான். சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எதுக்குத் தம்பி மூச்ச அடக்கற? விடு."

விட்டான். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணிவிட்டு டாக்டர் ரவிச்சந்திரனைக் கூப்பிட்டார். அவர் மார்பில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நூத்தி முப்பது. ஓடி வந்தியா?"

"இல்ல சார்."

"காய்ச்சல்? தூக்கமில்லையா? களைப்பா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லாகீறேன்."

"அதான் யோசனையா இருக்கு" என்றார் டாக்டர். "சும்மா நிக்கும்போது இப்படி அடிக்கக் கூடாது. இருதய டாக்டர்கிட்டக் காட்டி, ஒண்ணும் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

"எப்ப சார் வரணும்?"

"சேர்க்கை இன்னிக்கோட முடியுதே. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா என் கிளினிக்குக்கு வா."

வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குமேல் இருதய டாக்டரை எங்கே போய்த் தேடுவது? ஜெபசிங்குக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. வெளியே வந்தான். மதுராந்தகத்து அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

வேப்பமரத்தடியில் ராமதாஸ் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "எவ்ளோ வந்துது?"

"நூத்தி முப்பது."

"மார்பா?"

"நாடிடா. மார்பு அளக்கவே இல்ல."

"அளக்கலியா? மார்பு அளக்காம இன்னா மெடிக்கல் இது?"

"ஓடி வந்தியான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். அதனால இதயத்துல கோளாறுன்னு நெனச்சிக்கினாரு."

ராமதாஸ் ஓடிவந்த சாலையைத் திரும்பிப் பார்த்தான். சின்னையன்தான் முதலில் பேசினான். "போயி உண்மையச் சொல்லு. அவ்ளோதான."

"சொன்னா பொய் சொன்னேன்னு தூக்கிட்டா?"

"சொல்லலன்னாலும் தூக்கிட்டாங்களே. இனிமே இன்னாத்தத் தூக்கப் போறாங்க?"

அது சரிதான். ஜெபசிங் திரும்பினான். அதே நேரம் டாக்டர் பையோடு படியிறங்கி, மைதானத்தின் மறுகோடியில் நின்ற ஸ்கூட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஜெபசிங் பாய்ந்தான். ராமதாஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினான்.

"ஓடாத. ஓடினா மறுபடி ஏறிக்கும். நட. ஆடி அசைஞ்சு வா. அவர நான் புடிக்கிறேன்."

ராமதாஸ் ஓடினான். போலீஸ் தேர்வில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான். சின்னையன் உறையைத் தலைக்குமேல் ஆட்டியபடி பின்னால் ஓடினான். ஜெபசிங் நடந்தான். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவன் நடந்ததில்லை. ஸ்கூட்டர் உதைக்கப்படும் சத்தம் கேட்டது. கால் பறந்தது. அடக்கிக்கொண்டான். மூக்கால் இழுத்து வாயால் விட்டான். முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் புகை வந்தது. அதற்குள் ராமதாஸ் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு நின்றான்.

"யாருப்பா நீ? வழிய விடு."

"சார், ரெண்டு நிமிசம் சார். ஒருத்தன் வந்துகினு கீறான்."

டாக்டர் மைதானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை ஊர்வலம்போல ஒருவன் தனியாக அசைந்து வந்துகொண்டிருந்தான்.

"அவனா? ஏன், ஓடி வரக்கூடாதா?"

"ஓடக் கூடாது சார். ஓடித்தான் சார் பேஜாரே."

ஜெபசிங் வந்து சேர்ந்தான். கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். "சார், நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு ஸ்டாப்பிங் ஓடி வந்தேன். மார்பு விரியணும்னு ஓடினேன். களைப்புன்னா வெளிய அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"மார்பு எதுக்கு விரியணும்?"

சின்னையன் பையிலிருந்து தையற்கடை டேப்பை மெல்ல எடுத்துக் காட்டினான். டாக்டர் அதைப் பார்த்தார். ராமதாஸைப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை.

"எனக்கு லேட் ஆகுது. இருந்தாலும் பார்க்கலாம். உள்ள வந்து படு. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமே வரக்கூடாது. உங்களப் பார்த்தாலே அவனுக்கு ஏறிடும்."

மின்விசிறிக்கு அடியில் ஜெபசிங் படுத்தான். கண்ணை மூடச் சொன்னார் ஸ்ரீதேவி சிஸ்டர். மூடினால் கோடு தெரிந்தது, பலகையில் அவன் பெயருக்குக் கீழே இழுத்த கோடு. கண்ணைத் திறந்து, விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" என்று சாவகாசமாகக் கேட்டார். வேப்பமரம், உடைந்த தொடை, எடை கட்டிய கால், விரிப்பு இழுப்பது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். எண்பது கிலோ ஆளை எப்படிப் புரட்டுவது என்று கையை ஆட்டி விளக்கும்போது சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி மணிக்கட்டில் விரல் வைத்தார். அவன் பேச்சை நிறுத்தினான்.

"எழுபத்தாறு" என்றார் சிஸ்டர்.

டாக்டர் தானும் ஒருமுறை எண்ணினார். எழுபத்து நான்கு. குழல் வைத்துக் கேட்டார். பிறகு, 'உடல் தகுதி உண்டு' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

"வார்டுல நோயாளிக்கு நாடி பார்த்தா, அவன் இப்பத்தான் நடந்து வந்தானா, உட்கார்ந்திருந்தானான்னு கேட்டுட்டு எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தாளோடு வெளியே வந்தான் ஜெபசிங். மதுராந்தகத்து அப்பா அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மெல்ல உட்கார்ந்து, மகனின் முழங்காலில் கை வைத்தார். ஜெபசிங் அவர்கள் பக்கத்தில் போனான். தான் விண்ணப்பம் வாங்கி, போடாமல் விட்டிருந்த இன்னொரு கல்லூரியின் பெயரைச் சொன்னான். அங்கே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அங்கேயும் ஆண்களைச் சேர்க்கிறார்கள் என்றான். அந்தப் பையன் பேனாவைத் தேடினான். அப்பா, "நல்லாப் படி தம்பி" என்றார்.

அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் வரிசையாக வாங்கிப் பார்த்தார்கள். அந்த வருஷம் டிசம்பருக்குள் பதினேழு முடிந்திருக்க வேண்டும். அவனுக்கு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. எழுத்தர் பதிவேட்டில் பெயரை எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று மாலை சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நிற்பதற்குள் ராமதாஸ் குதித்துவிட்டான். ஜெபசிங் வீடு போய்ச் சேரும்போது, வாசலில் கூடிய கூட்டத்துக்கு நடுவே ராமதாஸ் தன் கதையில் ஓடும் ஸ்கூட்டரை ஒற்றைக் கையால் நிறுத்திக்கொண்டிருந்தான். மோசஸ் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ மார்பு அளந்தாங்களா, இல்லியா?" என்றாள் காசியம்மாள்.

"அளக்கலம்மா."

"பின்ன இன்னாத்துக்குடா இத்தினி நாளா எங்கோழி முட்டையெல்லாம் பச்சையா முழுங்கினீங்க?"

ராமதாஸ் கூட்டத்துக்குப் பின்னால் நகரப் பார்த்தான். காசியம்மாள் அவன் காதைப் பிடித்து இழுத்து வந்து, மகன் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் மீன்குழம்பு ஊற்றினாள். மோசஸ் சேர்க்கைச் சீட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி, மகன் பெயர்வரை படித்தார். அதற்குமேல் படிக்காமல் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.