சீனிக்காகப் பிடுங்கிய பல்

என் தங்கையின் மேல் தாடைக்குள் ஒரு பல் படுத்துக் கிடந்தது. நிற்க வேண்டிய இடத்தை விட்டு, மூக்குக்குக் கீழே, குறுக்காக. அதைப் படுக்க வைத்தவள் நான். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் மனம் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

இலங்கையில் எழுபதுகளின் பஞ்ச காலம். கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி, அப்படித்தான் குடித்தோம். பிறகு அந்த நக்கும் போயிற்று. பல் விழுந்த பிள்ளைக்கு மட்டும், இரத்தம் நிற்கட்டும் என்று, ஒளித்து வைத்த டப்பாவிலிருந்து அம்மா ஒரு கரண்டி சீனி எடுப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயது. விழ வேண்டியதெல்லாம் விழுந்து தீர்ந்திருந்தது. தங்கைக்கு ஏழு.

"ஏய், ஒன் கோரப்பல்லு ஆடுதுடி."

"ஆடலயே அக்கா."

"ஒனக்கென்ன தெரியும்? சீனில பாதி ஒனக்கு, பாதி எனக்கு. வாயத் தொற."

சாக்கு நூலின் ஒரு முனையைப் பல்லிலும் மறுமுனையைக் கதவிலும் கட்டிக் கதவை உதைத்தேன். மூன்றாவது உதைக்குத்தான் வந்தது. நீளமான வேரோடு வந்தது. தானாக விழும் பல்லுக்கு வேர் இருக்காது. என் பற்களைப் பார்த்து எனக்கு அது தெரியும்.

மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாவிடம், "தானா விழுந்துச்சும்மா" என்றேன். வாய் நிறைய இரத்தத்தோடு தங்கையும் தலையாட்டினாள். சீனி அவள் உள்ளங்கையில் விழுந்தது. எரியும் என்று அவள் தொடவில்லை. அவள் கையைப் பிடித்து அவ்வளவையும் நானே நக்கினேன். பல்லைத் தகரக் கூரைமேல் எறிந்தோம். சடசடவென்று உருண்டு திரும்பி வந்தது.

அந்த இடத்தில் வேறு பல் முளைக்கவே இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் மெல்லச் சாய்ந்து இடைவெளியைத் தூர்த்தன. அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள். எண்பதுகளில், அவளும் கொழுந்தெடுக்கப் போன வயதில், முன்பல் நோகத் தொடங்கியது. ரயிலேறிக் கண்டிக்குக் கூட்டிப்போனேன்.

சிங்கள டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பால் பல்லுதான் பெரிய பல்லுக்கு எடம் புடிச்சி வைக்கிறது. அது முந்திப் போனா பக்கத்துப் பல்லு வந்து எடத்த மூடும். மேல உள்ளது வழி தெரியாம அலையும். சில ஆளுக்குச் சும்மாவும் இப்படி வரும்; உண்டாகும்போதே கோணல். சின்னதில யாரும் புடுங்கினதா?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை முந்தினாள்.

"இல்லீங்க. தானா விழுந்துச்சு."

என்னை அவள் பார்க்கவில்லை.

உள்ளே படுத்துக் கிடந்த பல்லை வெட்டி எடுத்தார்கள். திரும்பும் ரயிலில் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் சொன்னேன், கோழை.

"அது ஆடவே இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் புடுங்கினேன்."

ஜன்னலிலிருந்து அவள் முகம் திரும்பவில்லை. வட்டவளை, ரொசல்ல, ஹட்டன். பனிக்குள் ஏறி ஏறி ரயில் மூச்சு வாங்கியது. பதில் வராத இடத்தில் கேட்ட மன்னிப்பு. அதை மன்னிப்பு என்று சொல்லவும் எனக்குக் கூசுகிறது.

லயத்துக்கு வந்து பஞ்சைத் துப்பி, வாய் கொப்பளித்து, வீங்கிய உதட்டோடு கேட்டாள்:

"பாதி தர்றேன்னியே அக்கா. எங்க?"

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கை வாயை மூடியிருந்தது.