கோணல் வெட்டு

எழுபதுகளின் கடைசியில் மாரண்டஹள்ளியில் மரம் அறுக்கும் பழைய சங்கிலி ரம்ப மெஷின்களைப் பழுது பார்த்து, விலை மதித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கிலிப் பல்லைத் தீட்ட அரம் பிடிக்கத் தெரியாதவன் மெஷினைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

ஒருநாள் ஒரு அம்மா, இறந்துபோன தன் வீட்டுக்காரரின் மெஷினை விற்க எடுத்து வந்தார். இரண்டே இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் புளியங்கட்டையில் வைத்ததும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்தது. நிறுத்திவிட்டுச் சங்கிலியைப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பற்களை மட்டும் அளவுக்கு மீறி ராவியிருந்தார்கள்.

"எந்த மடையன் இதுக்கு அரம் போட்டான்?" என்று கத்தினேன்.

"நான்தாங்க. அவருக்குக் கிட்டத்துல இருக்கிறது கண்ணு தெரியாம போனதுல இருந்து நான்தாங்க போட்டுக் குடுத்தேன்."

அறுபட்ட கட்டையை எடுத்து, அந்த வளைவை விரலால் தடவினார்.

"கோணலா வெட்டுதுன்னு அவரு ஒருநாளும் சொல்லலீங்களே."