எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்த கடிதம்

ஒருவருக்கும் என்னால் அநியாயம் செய்ய முடியாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அம்மா அதை அயலவர்களிடமும் சொல்லுவார். உண்மையில் நானும் அதை நம்பியிருந்தேன். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மன்னார்த் தீவில், பேசாலைக்குப் போகும் வீதியோரம், நண்டுச் சதையைப் பிரித்துத் தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிலையத்தில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன்.

அவித்த நண்டுகள் காலையில் வந்து இறங்கும். நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள் அமர்ந்து, சிறிய கத்தியால் ஓட்டைப் பிளந்து, சதையை எடுத்துத் தங்கள் தட்டில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஓட்டின் சிறு துண்டு ஒன்று சதையோடு போய்விட்டால் அது உண்பவரின் தொண்டையில் குத்தும். வாங்குபவர்களிடமிருந்து முறைப்பாடு வரும். எனவே தட்டுகளை விளக்கின் கீழே வைத்துச் சோதிப்பது என் முக்கியமான கடமை.

ஆறாம் தட்டில் இருந்தவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். இந்தியாவில் அகதி முகாமில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து படுக்கையில் இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் வேலைக்குப் போனவர் அவர் ஒருவரே. கைவேகத்தில் அவருக்கு நிகராக எங்களிடம் யாரும் இருக்கவில்லை.

வேலை தொடங்கியதும் அவர் செபமாலையைத் தொடங்குவார். ஒரு பக்கத்தார் முதற்பாதியைச் சொல்ல, எதிர்ப்பக்கத்தார் மறுபாதியைச் சொல்லுவார்கள். நானும் அதே செபத்தைச் சொல்லி வளர்ந்தவள்தான். ஆனால் அது வேலைத்தலம் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்த ஒருவர், உணவு கையாளும் அறையில் இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே, வேலை நேரத்தில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று அறிவித்தல் எழுதி ஒட்டினேன்.

"மனசுக்குள்ள சொன்னா அதுக்கும் அறிவித்தல் வருமோ மிஸ்?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறாம் தட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், செபம் நிண்டா கை பார்க்காம விட்டிடும்" என்றார்.

கடவுளைச் சாட்டி என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "கடவுளைக் கோயில்ல வைச்சிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பால் போனேன். அதன் பொருள் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அடுத்த வாரங்களில் தட்டுகளில் ஓட்டுத் துண்டுகள் கூடின. முகாமையாளர் ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிட்டு, யாருடைய பிழை என்று கேட்டார். எல்லாத் தட்டுகளிலும் துண்டுகள் இருந்தன. ஆறாம் தட்டில் சற்றுக் கூடுதலாக இருந்தன. மற்றவர்களைவிட அவர் மிகுதியாகச் சதை பிரித்தார் என்பதால் அப்படி இருந்தது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. அறிவித்தலுக்கு எதிராகப் பேசியவர் என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நானே எழுதினேன். 'தொடர்ச்சியான கவனயீனம்' என்ற சொற்களைத் தெரிந்தெடுத்தவளும் நான்தான். நிறைய வாசிக்கும் பழக்கம் உள்ளவள் ஆகையால் வசனங்கள் நன்றாகவே அமைந்தன. அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று, அதை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையின் தலைப்பில் நின்று வாசித்தேன். அவர் இறுதிவரை எழுந்து நின்று கேட்டார். கத்தியைக் கழுவித் துடைத்து உரிய இடத்தில் வைத்தார். "போயிட்டு வாறன்" என்று பொதுவாகச் சொன்னார். எல்லோரும் தங்கள் தட்டிலேயே குனிந்திருந்தார்கள். எனக்குப் பயந்துதான்.

அவர் போன பின்பும் துண்டுகள் குறையவில்லை. ஒருநாள் விளக்கின் கீழே நான் அலுத்துப்போய் நின்றபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து வேலைக்கு வந்த முஸ்லிம் பெண் தன் தட்டைக் கொண்டு வந்தார். முன்பு இப்படி இருக்கவில்லையே என்று அவரிடம் சொன்னேன்.

"முன்னம் செபம் இருந்தது தானே மிஸ்."

"செபத்துக்கும் இதுக்கும் என்ன?"

"பத்துப் பத்தா சொல்லுவினம் எல்லோ. ஒரு பத்து முடிஞ்சு 'பிதாவுக்கும் சுதனுக்கும்' எண்டு வரேக்க எல்லாரும் கத்திய வைச்சிட்டு ஓடு கிடக்கோ எண்டு சதையத் தடவிப் பார்க்கிறது. அந்த ஆறாம் தட்டு அக்கா பழக்கினது. எங்களுக்கு அந்தச் செபம் தெரியாது மிஸ். ஆனா அது முடியிற இடம் தெரியும்."

இரண்டு ஆண்டுகள் அந்த அறையில் நடந்திருக்கிறேன். ஒரே நேரத்தில் அத்தனை கைகளும் கத்தியை வைப்பதைக் கண்டிருக்கிறேன். சற்று இளைப்பாறுகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன்.

அன்று மாலையே ஆறாம் தட்டுக்காரரின் வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சிறிய வீடு. "வாங்கோ மிஸ், இருங்கோ" என்று ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டு அவர் நின்றார். நடந்ததைச் சொல்லி, மீண்டும் வேலைக்கு வரும்படி கேட்டேன்.

"கடிதத்தை மூத்தவள் வாசிச்சிட்டாள் மிஸ். 'ஏனம்மா கவனமில்லாம செய்தனீங்கள்' எண்டு கேக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார்.

"நீங்கள் வாசிச்ச அதே இடத்தில நிண்டு, அது பிழை எண்டு சொல்லுங்கோ. நான் நாளைக்கே வாறன்."

ஓம் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு கணம் போதுமாயிருந்திருக்கும். ஆனால், "முகாமையாளரிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.  "ஓம், கேட்டுப் பாருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.

அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள முகாமையாளர் சம்மதித்தார். ஆனால், மேற்பார்வையாளரே தன் பிழை என்று சொன்னால் நாளைக்கு யார் கட்டுப்படுவார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இந்தப் பாதிப் பதிலோடு எப்படிப் போய் நிற்பது என்று தயங்கித் தயங்கி மூன்று வாரங்களைக் கடத்தினேன்.

கடைசியில் நான் போனபோது மூத்த மகள்தான் படலையைத் திறந்தாள்.

"அம்மா போன கிழமை குவைத்துக்குப் போயிட்டா. வீட்டு வேலைக்கு" என்றாள். படலையைப் பிடித்தபடி, "நீங்கள் வருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தவா" என்றும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை, யாரிடமும் கேட்காமல், மேசையின் தலைப்பில் நின்று சொன்னேன்: நான் எழுதிய கடிதம் பிழை, ஆறாம் தட்டில் எந்தக் கவனயீனமும் இருக்கவில்லை, பிழை என் அறிவித்தலில்தான் இருந்தது. வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு செபத்தைத் தொடரலாம் என்றும் சொன்னேன். முகாமையாளர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவ்வளவு அஞ்சிய காரியத்துக்கு கிடைத்த தண்டனை அவ்வளவுதான். பெண்கள் யாரும் எனக்குக் கட்டுப்படாமல் போகவும் இல்லை. அந்த வாரத்திலேயே ஓட்டுத் துண்டுகள் குறையத் தொடங்கின.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டு அவருடைய மூத்த மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். தாயிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னாள். வாசித்தாளா, அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.

நிலையம் பின்னர் மூடப்பட்டது. நான் வேறு வேலைகள் பார்த்தேன். என் கீழே வேறு பலர் வேலை செய்தார்கள். ஒருவர் தன் வேலையைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், என் கையில் எந்த அவசரம் இருந்தாலும் கேட்டு முடித்துவிட்டே நகர்கிறேன். இதை ஒரு நற்குணம் என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் அதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு குடும்பம் தன் தாயைக் கடல் கடந்து அனுப்ப நேர்ந்தது.

ஆறாம் தட்டுக்காரரின் கணவர் இறந்தபோது அவரால் வர முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொன்று எழுதி, அவர் அங்கேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மூத்தவள் கலியாணம் முடித்து வங்காலைக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது இளையவள் மட்டும் இருக்கிறாள்.