குப்புராஜ் கிராணி வரைந்த கோடு

மலையடிவாரத் தாப்பாவில் என் வீட்டு வாசலில் காய்கறி லோரியை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் சொன்னார்: "கிராணி, மேல பிரிஞ்சாங்ல குப்புராஜ் கிராணி நேத்து தவறிட்டாரு." அடித்துப் பிடித்துக்கொண்டு மலையேறினேன். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்திருந்த, அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் அவருடைய நிதானத்தைப் புகழ்ந்தீர்கள். எனக்கு அந்த நிதானத்தின் மேல்தான் ஆத்திரம்.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளான எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் ரிங்லெட்டில் ஒரு பலகை வீடு வாங்கிவிட வேண்டும் என்று தன் சேமிப்பையெல்லாம் ஒரே கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். தாப்பாவிலிருந்து பஸ்ஸில் பேப்பர் வந்ததும் கட்டம் போட்ட தாளை விரிப்பார். கடைசிப் பத்து நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுப்பார். மறுநாள் பழைய விலை ஒன்றைத் தள்ளி, புதியதைச் சேர்த்து மீண்டும் வகுப்பார். வந்த எண்ணைத் தாளில் புள்ளியாக வைத்து, மர ரூலரால் இணைத்தால் ஒரு கோடு. "வெல கோட்டுக்குக் கீழ வந்தா வித்துடணும். அதுவரைக்கும் தொடக்கூடாதுப்பா" என்பார். கணக்கில் குறையே இல்லை.

எண்பதுகளின் நடுவே ஒரு பெருமழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. பேப்பர் வரவில்லை. அவரோ வராத நாட்களுக்கெல்லாம் கடைசியாக வந்த விலையையே போட்டு வகுத்துக்கொண்டிருந்தார்! மழையில் சீட்டு நனைந்து, தேயிலை பறிக்கும் ஒருத்தியின் கொழுந்து நிறை அழிந்துபோனால் முந்தைய நாள் நிறையையே போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். பங்குச்சந்தையையும் கொழுந்துக் கூடையாக நினைத்துவிட்டார்.

"யோவ் குப்பு, சந்தை விழுதுன்னு ரேடியோவுல சொல்றான். ஈப்போ டவுன்ல இருக்கிற பங்கு புரோக்கருக்கு ஒரு போன் போடுய்யா" என்று கத்தினேன்.

"ரேடியோவுல நம்ம பங்கு வெலய சொன்னானா? பேப்பர் வரட்டும், பாப்போம்லா."

"போன் முன்னாலதானே இருக்கு!"

"அது துரையோட போனு. சொந்த வேலைக்குத் தொடமாட்டேன்."

இந்த மனிதரை என்ன செய்வது? ரோடு திறந்து பேப்பர் கட்டாக வந்தபோது விலை பாதாளத்தில் கிடந்தது. அன்றும் விதி தவறாமல், கிடைத்த விலைக்கு விற்றார். "கோடு பொய் சொல்லலப்பா. நாந்தான் அதுக்குப் பொய் வெலய குடுத்தேன்" என்றார். ரிங்லெட் வீடு அதோடு போயிற்று. பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில்தான் அவர் உயிர் பிரிந்தது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவர் மனைவி மங்களம், கோடு போடும் அந்த மர ரூலரை என் கையில் கொடுத்தார்.

"தீபாவளிக்கு அப்புறம் அவருக்கு ஒடம்பே சரியில்லண்ணே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. தீபாவளியன்று முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னோடு வாதாடிய குப்புவைத்தான், பார்க்காத ஒவ்வொரு நாளுக்கும் நானும் கடைசி விலையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ரூலர் என்னிடம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது, கேட்கத்தான் அவர் இல்லை.