சாட்சித் துண்டு

அபூதாஹிர் நானாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் சாக்கைப் பற்றித்தான் சொல்லவேண்டும். எங்கள் பட்டறையின் ஏழு ஜன்னல்களிலும் அவர் சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். வெளியே திருகோணமலை வெயில் கண்ணைப் பறிக்கும். உள்ளே பட்டப்பகலில் ஆளோடு ஆள் முட்டிக்கொள்வோம். ஸ்டோர் கிளாக்கர் என்று என்னை அந்த இருட்டில் ஒரு மூலையில் இருத்தியிருந்தார்கள். பதிவேடு எழுதி எழுதியே எனக்குக் கண்ணாடி வந்தது. அதற்காக அவரை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

"இந்தச் சாக்கைக் கழட்டினா என்ன நானா குறைஞ்சு போகும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளிச்சத்தில இரும்புட நெறம் பொய் சொல்லும் கிளாக்கர்," என்றார். நீளமாகக் கதைக்க அவருக்கு வராது.

பிறகு பார்த்துப் பார்த்து நானே விளங்கிக்கொண்டேன். உலையில் கிடக்கும் உருக்கு எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை அதன் சிவப்பை வைத்துத்தான் அவர் அறிவார். வெயில் பட்டால் அந்தச் சிவப்பு மங்கித் தெரியும். மங்கித் தெரிந்தால் சூடு போதாது என்று நினைத்து இன்னும் ஊதச் சொல்வார்கள். அளவுக்கு மேல் சூடேறிய உருக்கு வெளியே அழகாகத்தான் இருக்கும். உள்ளேதான் கெட்டுப் போயிருக்கும். மனிதர்களிலும் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும், நான் உட்பட.

நானா கிண்ணியாக்காரர். இரண்டாம் உலக யுத்த காலத்தில், பதினெட்டு வயதில், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்துப் பட்டறையில் சம்மட்டி அடிக்கச் சேர்ந்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது வேலையும் போனது. எட்டு மாதம் மச்சானோடு கடலுக்குப் போய்ப் பார்த்தார். வலை இழுக்கத் தெரியாமல் எல்லோரிடமும் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். பிறகு எங்கள் முதலாளி சோமசேகரம் உள்துறைமுகக் கரையில் போட்டிருந்த பட்டறைக்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு நாளும் விடிய வெளிக்கிட்டு, பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று வருவார். வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மிச்சத்தை உலை குடித்துவிடும்.

நாங்கள் செய்தது படகுகளுக்கும் துறைமுகத்துக் கிரேன்களுக்கும் வேண்டிய சாமான். கொழுக்கி, வளையம், ஆப்பு, தண்டு. எழுபதுக்குப் பிறகு வெளிநாட்டு உருக்கு வருவது நின்றது. கடற்படைக் கப்பல்களிலிருந்து கழற்றிப் போட்ட பழைய தண்டுகளை முதலாளி வாங்கிக் குவித்தார். நிக்கலும் குரோமியமும் கலந்த உருக்கு, மகா முரடு. சாதாரண இரும்பை அடிப்பதுபோல் அடித்தால் வெடித்துவிடும். அதைச் சூடாக்கி, அடித்து உருவாக்கி, மறுபடி செக்கச் சிவக்கச் சூடாக்கி எண்ணெய்த் தொட்டியில் இறக்க வேண்டும். அப்போது கண்ணாடி மாதிரி இறுகிப் போகும். பிறகு இன்னொரு முறை குறைந்த சூட்டில் வைத்துப் பதம் இறக்க வேண்டும். அப்போதுதான் பாரம் தூக்கும். இந்த இரண்டு சூட்டில் ஒன்று பிழையானாலும் சரிவராது.

சூடு அளக்கும் கருவி ஒன்று பட்டறையில் இருந்தது. அது எழுபத்தொன்றில் பழுதாகியது. உதிரிப்பாகம் வேண்டுமென்று கொழும்புக்கு மூன்று முறை விண்ணப்பம் எழுதினேன். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று மூன்று முறையும் பதில் வந்தது. அதோடு நானும் களைத்துப்போய் விட்டுவிட்டேன். நானாவின் கண்தான் கருவி என்று முதலாளி சொன்னார். அப்படிச் சொன்னால் செலவில்லை.

ஆனால் நானா தன் கண்ணையும் முழுதாக நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் அதே தண்டில் வெட்டிய விரல் நீளக் கம்பி ஒன்றையும் சாமான்களோடு சேர்த்தே உலையில் வைப்பார். சாமான் படும் பாடெல்லாம் அதுவும் படும். கடைசியில் அதைக் குறட்டில் பூட்டி, ஒரே அடியில் உடைத்து, உடைந்த முகத்தைப் பார்ப்பார். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். அவர் "சரி" என்றால் நான் பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். துண்டில் திகதிச் சீட்டுக் கட்டி பிஸ்கற் தகரம் ஒன்றில் போட்டுவைப்பேன். அது சரியோ பிழையோ என்று நான் ஒருநாளும் பார்த்துச் சொன்னதில்லை. அது என் வேலையுமில்லை.

எழுபத்து நாலாம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஜெற்றிக் கிரேன்களுக்கு ஆறு கொழுக்கி கேட்டார்கள். ஊர் முழுக்கப் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். கோதுமை மாக் கப்பல் வந்தால் மூட்டையை இறக்கும் வரை துறைமுகத்துக்கு நித்திரையில்லை. மூட்டைகள் கொழுக்கியில் தொங்கும். கீழே கப்பல் வயிற்றுக்குள் இருபது முப்பது பேர் நிற்பார்கள். முகத்தை நிமிர்த்தி மேலே பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமிருக்காது.

நானா நோன்போடு உலைக்கு முன்னால் நின்றார். தண்ணீர் இல்லை, எச்சில் கூட விழுங்கமாட்டார். "இந்த மாசம் லீவு எடுத்தாலென்ன?" என்று நான் கேட்டால், "உலைக்கு நோன்பில்லியே கிளாக்கர்," என்பார். கரி சரியில்லை, மங்கலாய் எரிகிறது என்று அந்த நாட்களில் கரிக்காரனை ஏசிக்கொண்டே இருந்தார். சம்மட்டி அடிக்கும் பாக்கியரத்தினம், "கரி எப்பவும் வாற கரிதானே," என்று என்னிடம் முணுமுணுத்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொழுக்கிகள் முடிந்த அன்று சாட்சித் துண்டை உடைத்து, வழக்கத்துக்கு மாறாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆறு கொழுக்கிகளும் என் ஸ்டோருக்கு வந்தன. இரண்டு நாளில் காலை பத்து மணிக்குத் துறைமுக லொறி வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்த நாள் நோன்புப் பெருநாளாக அமைந்துவிட்டது. நான் தனியே ஸ்டோரில் இருந்தேன். ஒன்பது மணி தாண்டியிருக்கும், வாசலில் நானா நின்றார். புதுச் சாரம், வெள்ளைச் சேர்ட், அத்தர் வாசம். பெருநாள் பலகாரமாக வட்டிலப்பம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். கை வெறுமையாக இருந்தது.

"என்ன நானா, பெருநாளும் அதுவுமா?"

"தொழுகை முடிஞ்ச கையோட வந்தனான்," என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தார். மூச்சு வாங்கியது. "நேத்து அந்தி மஹ்ரிபோட பிறை பாக்கக் கடற்கரைக்குப் போனம்."

கிண்ணியாவில் பிறை பார்க்கும் அன்று நானாவைத்தான் எல்லோரும் சூழ்ந்து நிற்பார்கள் என்று நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் விரலை நீட்டிவிடுவாராம். உலைக் கண் என்று ஊரில் அதற்குப் பெயர்.

"எல்லாரும் கண்டிட்டாங்க. சின்னப் புள்ளையள் வரைக்கும் கண்டிட்டுதுகள். என்ட மகள் ஸுல்பிகா என்ட தலையைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டினா. எனக்கு வெறும் வானம்தான் கிளாக்கர்."

"மேகம் மறைச்சிருக்கும்."

"மத்தவங்களுக்கு இல்லாத மேகமா?" என்றார். "நோன்புக் களை எண்டு நெனச்சன். கரியை ஏசினன். என்ட கண்ணை நெனக்கல்ல. அந்தச் சாட்சித் துண்டை எடுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

தகரத்தைத் திறந்து துண்டை எடுத்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன். நான் எழுதுகிற ஆள்தான், ஆனாலும் பதினைந்து வருடமாக நல்ல உடைப்பு எப்படியிருக்கும் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது சலித்த சாம்பல் மாதிரி, மினுக்கமில்லாமல் நைசாக இருக்கும். என் கையில் இருந்தது பருமணிச் சீனியைக் கொட்டியதுபோல் மினுங்கியது. மங்கிய கண்ணுக்குச் சிவப்பு காணாமல் நானா ஊது, ஊது என்று சூட்டை ஏற்றியிருக்கிறார். ஆறு கொழுக்கிக்குள்ளும் இதே மினுக்கம்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் எனக்குக் கப்பலுக்குள் நிற்கிறவர்களின் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முதலில் வந்தது பதிவேட்டில் என் கையெழுத்து. இரண்டாவதாக வந்தது, இதைச் சொன்னால் நானாவின் வேலை இன்றோடு சரி, வீட்டில் கட்டிக்கொடுக்க இரண்டு குமர் இருக்கிறதே என்பது. இரண்டாவதை முன்னால் வைத்து முதலாவதை மறைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தானே இருக்கு நானா," என்றேன். "வழமைபோலத்தான்."

அவர் கையை நீட்டினார். "அதைத் தாங்க. பழைய துண்டு ஒண்டும் தாங்க."

கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பழைய துண்டின் உடைந்த முகத்தில் பெருவிரல் நகத்தை ஓடவிட்டார். சத்தமில்லை. புதிய துண்டில் ஓடவிட்டார். கரகரவென்று என் காதுக்கே கேட்டது. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆறையும் உள்ளுக்க வச்சுப் பூட்டுங்க. லொறிக்குக் குடுக்காதீங்க."

"நானா, திருப்பி உலையில போட்டுச் சரிப்படுத்த ஏலாதா?"

"ஏலும். சரியான சூட்டில திருப்பிப் போட்டா எல்லாம் சரியாப் போகும்." அவர் சிரிக்கப் பார்த்தார். "நெறம் பாக்கிறது ஆர்?"

போன மாதத்துத் துண்டுகளையும் எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக நகத்தால் பார்த்தார். அவையெல்லாம் நல்லவை. அப்போதுதான் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

பத்து மணிக்கு முன்னால் முதலாளியின் கார் வந்தது. சோமசேகரம் கெட்ட மனிதரல்ல. ஆனால் ஜெற்றிக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். நானா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னதும் முகம் கறுத்துப்போனார்.

"ஆர் இதுக்குச் சரி எண்டு எழுதினது?"

"நான் சொன்னன், கிளாக்கர் எழுதினவர். அவர்ல பிழையில்ல."

"இப்ப பிழையெண்டு கண்டது ஆர்? உமக்குத்தான் கண் தெரியேல்ல எண்டுறீர்."

நானா துளியும் தயங்கவில்லை. "கிளாக்கர்தான். நான் கேட்ட உடனே பாத்து, கூடாது எண்டு சொன்னவர்."

இல்லை முதலாளி, நான் நல்லது என்று பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்கு அப்போது ஒரு நிமிடம் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப தங்கரத்தினம், இனிமேல் சாட்சித் துண்டு நீர்தான் பாக்கிறது," என்றார்.

லொறி வெறுமையாகத் திரும்பியது. நானாவும் பஸ் பிடிக்க நடந்தார். பாக்கியரத்தினத்துக்கு நிறம் காட்டிக் கொடுக்க ஒரு கிழமை வரும்படி முதலாளி ஆளனுப்பினார். தெரியாத நிறத்தை எப்படிக் காட்டுவது என்று நானா மறுத்துவிட்டார். உலைச் சூட்டில் கண்மணி வெந்துபோயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிறகு ஒரு கண்ணில் புரை வெட்டிச் சுகப்படுத்தினார்கள். நடமாட அது போதும், உலைக்குப் போதாது.

பாக்கியரத்தினம் இரண்டு மாதம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டான். அந்த ஆறு கொழுக்கிகளையும் அவனே மறுபடி பதம் போட்டான். எழுபத்தெட்டில் புதுக் கருவியும் வந்துவிட்டது. சாக்குகளைக் கழற்றினோம். எனக்குத்தான் வெளிச்சம் வரவில்லை. ஒவ்வொரு துண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், பத்துத் தரம் பார்த்து, நகத்தால் ஒருதரம் இழுத்து, பிறகுதான் "சரி" என்று எழுதினேன். நேர்மையா பயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கெட்டதை நல்லது என்று பிறகு ஒருநாளும் எழுதவில்லை.

ஒவ்வொரு பெருநாளுக்கும் கிண்ணியாவுக்குப் போவேன். கடைசியாக உடைத்த சாட்சித் துண்டைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் கொண்டுபோவேன். நானா அதை வாங்கி நகத்தால் இழுத்துப் பார்ப்பார். "சரி," என்பார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி மைமூனா வட்டிலப்பம் கொண்டுவருவார். அன்றைய என் பொய்யைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எண்பத்தொன்றில் போனபோது நானா நன்றாக இளைத்திருந்தார். வழமைபோல் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"நீங்க பாத்தாச்சா கிளாக்கர்?"

"ஓம் நானா, பாத்தனான்."

"எப்படியிருக்கு?"

"சரியாயிருக்கு."

"அப்ப சரிதானே. பிறகு என்னத்துக்கு நான் பாக்கிற?" என்று சொல்லி, துண்டைக் கைலேஞ்சியோடு சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, "புள்ள, கிளாக்கருக்குச் சாப்பிடக் குடுங்க," என்று உள்ளே மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

வட்டிலப்பத்தை ஒரு கரண்டி எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன். ஏழு வருடம் ஆற்றைக் கடந்து நான் வந்தது என்னை நம்பி அவர் சொன்ன இந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். இனிப்புக் குறைவோ என்று மைமூனா கேட்டார். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.