மணி குடித்த மீனெண்ணெய்

எங்கள் கிழட்டு நாய்க்குத் தோல் உரிகிறது. தினமும் சாப்பாட்டில் ஒரு கரண்டி மீனெண்ணெய் கலந்து கொடுக்கச் சொன்னார், ஈப்போவில் நாங்கள் பார்க்கும் கால்நடை மருத்துவர். புட்டியைத் திறந்ததும் வந்த வாடை, சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

ஏழு வயதில் நான் ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் இதே எண்ணெயைக் கொடுத்தார். காலையில் பால்மரம் வெட்டப் போகிற அவசரத்தில், அம்மா கரண்டியில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார். நான் அதைப் பின்பக்கம் கொண்டுபோய், எங்கள் நாய் மணியின் பழைய சோற்றில் கவிழ்த்துவிடுவேன்.

இரண்டே மாதத்தில் மணி மெருகு போட்ட சப்பாத்து மாதிரி மின்னியது. என்ன போடுகிறீர்கள் என்று லயமே கேட்டது.

"பழைய சோறுதான்லா, வேற என்ன?" என்பார் அப்பா, பெருமையாக.

லயத்து நாய்களுக்கெல்லாம் பழைய சோறு கிடைத்தது. எதுவும் மின்னவில்லை. ஆனால் நானும் கொஞ்சம் சதை போட்டிருந்தேன். எப்படி என்று யோசித்ததில்லை.

இப்போது எங்கள் நாய் எண்ணெயை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. அவித்த மீனைப் பிசைந்து அதில் எண்ணெயைக் கலந்தபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்லா. உன் வாய் நாறல, மணி வாய்தான் நாறுச்சு," என்றார் அம்மா. "அதான் உன் மீன் கொழம்புல ஒரு கரண்டி ஊத்திருவேன். நீயும் தட்ட நக்கிருவ."