இரண்டாவது கண்

"எண்ணெய் தேச்சுக் குளிப்பீங்களா?" என்பதுதான் குந்தவையின் முதல் கேள்வி. வந்த பெண் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். அடுத்தது, "தூங்கும்போது எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பீங்க?" மூன்றாவது கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "சட்டுனு அழுதுடுவீங்களா?" கல்யாணப் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்வாள். கண் இமையில் செயற்கை முடி ஒட்டுகிறவளுக்கு இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும். எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும். சாய்ந்து படுக்கிற பக்கம் சீக்கிரம் உதிரும். ஒட்டிய அன்றைக்கே அழுதால் இரண்டு மணி நேர வேலை கன்னத்தில் வந்து நிற்கும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஷமீரா நடத்துகிற பார்லரில் அவளுக்கு வேலை. வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் திருவையாற்றுப் பக்கம். நான் மாதத்துக்கு ஒரு தடவை தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள அங்கே போகிறவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சாயம் காய்கிற வரைக்கும் அடுத்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. அப்படித்தான் இவள் பழக்கமானாள்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பசையின் ஆவி ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாக ஒன்றும் செய்யாத பசை, போன தை மாதத்திலிருந்து அவளைப் படுத்துகிறது. பாட்டிலைத் திறந்த கால் மணி நேரத்தில் இமை தடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் கண் வெறும் கோடாகிவிடுகிறது. தண்ணீர் நிற்காமல் ஊற்றுகிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் விழ ஆரம்பித்திருக்கிறது, இந்த ஒவ்வாமை வந்தால் வந்ததுதான், போகாது, பசையை விட்டுவிடு, இல்லாவிட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லிவிட்டார். இவள் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு நேராக வேலைக்கு வந்தாள். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு நேரம் கொடுத்திருந்தாளாம்.

அவள் முடி தேர்ந்தெடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். பெண்கள் கைபேசியில் ஏதாவது ஒரு நடிகையின் படத்தோடு வருவார்கள். "இதே மாதிரி வேணும்க்கா." குந்தவை படத்தைப் பார்க்கவே மாட்டாள். பெண்ணை உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து, அவளுடைய சொந்த முடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். ஒட்டுகிற முடியின் வளைவுக்கு பி, சி, டி என்று எழுத்துகள் உண்டு, டிதான் அதிக வளைவு. தரையைப் பார்க்கிற முடியாக இருந்தால், "உங்களுக்கு டி வளைவுதான். சி வச்சா வச்சதே தெரியாது." கண்ணாடி போடுகிறவளாக இருந்தால், "பி போதும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல வேணாங்க. லென்சுல இடிக்கும், நாள் பூரா சிமிட்டிக்கிட்டே இருப்பீங்க." சொந்த முடி பூஞ்சையாக இருக்கிறவள் கனமான முடி கேட்டால் ஒரே பிடிவாதமாக மறுத்துவிடுவாள். "தாங்காதுங்க. உள்ளதும் ஒடிஞ்சிடும்."

பெட்டிகளில் சில்க் என்றும் மிங்க் என்றும் பெரிய பெரிய பெயர்களாகப் போட்டிருக்கும். "பேருதான் டீச்சர் சில்க்கு. எந்தப் பட்டுப்பூச்சியும் இதக் கண்டது கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக் நாருதான். பளபளன்னு தெரியணும்னா சில்க்கு, மெத்துனு இருக்கணும்னா மிங்க்கு, அவ்ளோதான்." பணம் கட்ட வந்தவளிடமும் இதையேதான் சொல்வாள். ஷமீரா தலையில் அடித்துக்கொள்வாள். "நீ யாருக்குடி வேலை பாக்குற, எனக்கா, அவங்களுக்கா?"

நாற்று நடுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தாள். "வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எங்கம்மா நட்டுச்சு, எனக்குத் தெரியாதா? நாத்து வேர் புடிக்கும் டீச்சர். இது மூணு வாரத்துல உதிரும். உதிரும்னு தெரிஞ்சேதான் வைக்கிறேன்." வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஷமீரா நல்ல மனுஷி. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். "முன்னாடி கவுண்ட்டர்ல உக்காரு, ஃபோன் எடு, நேரம் குறிச்சுக் குடு, ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். குந்தவை காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் விடாமல் நச்சரித்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டாள். "பத்தாவதுல ஃபெயிலு. கட்டிக்கிட்டதும் நெலைக்கல. வீட்ல நான் ஒல வச்சா சோறு கொழையும். எதுல கை வச்சாலும் குத்தந்தான். இது ஒண்ணுலதான் டீச்சர், இந்த ஆறு வருசத்துல, எனக்குத் தப்பே வந்ததில்ல. இதையும் விட்டுட்டு அங்க உக்காந்து, வணக்கம், சொல்லுங்கன்னு சொல்லிக்கிட்டு... நான் யாரு அப்ப?" முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள், அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான், அதுவும் காலையில். உப்பு நீரில் கண்ணைக் கழுவிக்கொள்வாள். நீச்சல் பழகுகிற பிள்ளைகள் மாட்டுகிற கண்ணாடியை மாட்டி, முகத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டு, முதுகுக்குப் பின்னால் விசிறியை வைத்துக்கொள்வாள். பிறகு சின்னக் கல்லின் மேல் ஒரே ஒரு சொட்டுப் பசையை விடுவாள். படுத்திருக்கிற பெண்ணுக்குக் கண் மூடியிருக்கும். கீழ் இமை முடியின் மேல் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பெண் கதை பேசிக்கொண்டே இருப்பாள். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற குந்தவையின் கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி நிற்பது அவளுக்குத் தெரியாது. பாதி வேலையில் குந்தவை கண்ணாடியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள்.

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. இடது கண்ணில் நாலு முடி வைத்தால் வலது கண்ணில் நாலு, மறுபடி இடது, மறுபடி வலது. அப்போதுதான் இரண்டும் ஒன்றுபோல வரும். குந்தவை ஆனியிலேயே அதை விட்டுவிட்டாள். இடது கண்ணை முழுக்க முடித்துவிட்டுத்தான் வலது கண்ணுக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். "மொத ஒரு மணி நேரம் எனக்குக் கண்ணு தெரியுது டீச்சர். மாத்தி மாத்தி வச்சா ரெண்டுமே கெட்டுப்போகும். ஒரு கண்ணையாவது அவங்களுக்கு நல்லாப் பண்ணிக் குடுத்துடலாம்னு."

அட பாவி மகளே என்று வாய்விட்டே சொன்னேன். இரண்டாவது கண்ணை எப்படிச் செய்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் கூரான இடுக்கி, எதிரே ஒரு பெண்ணின் கண். ஷமீராவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மாடிப்படி இறங்குகிற வரைக்கும் நினைத்தேன். சொல்லவில்லை. ஷமீரா வீக்கத்தைத்தான் அறிவாள், பார்வை இந்த அளவுக்கு மங்கிவிட்டது என்று அறியமாட்டாள்.

ஆவணியில் திருவாரூரில் எழில்மொழி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவள் அம்மா என்னோடு வேலை பார்த்தவள். நான்தான் குந்தவையிடம் அனுப்பிவைத்தேன். பெண்ணுக்குக் கீழ்நோக்கிய முடி, டி வளைவு, மிங்க், பதினோரு மில்லி. பத்திரிகை வைத்து அழைத்திருந்ததால் குந்தவையும் என்னோடு வரவேற்புக்கு வந்தாள். பச்சைப் புடவை, தலையில் பூ. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். கேமராக்காரர் பெண்ணின் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார். மண்டபமே அண்ணாந்து பார்த்தது. எனக்குப் பின்வரிசையில் யாரோ, "கண்ணப் பாரேன், என்ன அழகு!" என்றார்கள்.

குந்தவை என் கையைப் பிடித்தாள். "டீச்சர், எடது கண்ணு டி. வலது கண்ணு சி." எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்ன பிறகு பார்த்தால், ஆமாம், வலது கண் மட்டும் லேசாகத் தூங்கிவழிகிற மாதிரி இருந்தது. எழுத்து பெட்டியில்தான் அச்சடித்திருக்கும். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் எல்லாம் கறுப்பு முடிதான், வளைவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது கண்ணுக்கு வரும்போது அவளால் அது முடியாமல் போயிருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சமாதானம் சொன்னேன். "யாருமே கண்டுபிடிக்கலையே குந்தவை. பொண்ணுக்கே தெரியாது."

"நான் கண்டுபிடிச்சேன்ல. அதுவும் எப்போ? அவ கண்ணு ஒரு ஜன்னல் அளவுக்குப் பெரிசானதுக்கு அப்புறம்." அதற்குப் பிறகு தஞ்சாவூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அழவில்லை. அழுதால் கண் இன்னும் எரியும் என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறாள்.

அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் காட்டுவது? டாக்டர் உள்ளதைச் சொன்னார், ஷமீரா வழி காட்டினாள், இவளோ தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கண்ணும் போன பிறகு எதைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் தலைக்குச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஐப்பசி மழை. தமிழ்நிலா என்று ஒரு பெண், மறுநாள் நிச்சயதார்த்தம், படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் மாப்பிள்ளையின் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஷமீரா சாமான் வாங்க வெளியே போயிருந்தாள். இடது கண் முடிந்தது. வலது கண்ணில் குந்தவையின் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முடியையும் வைத்துவிட்டு, இடுக்கியின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்து அடுத்ததற்குப் போனாள். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, மூடியிருந்த அந்த இரண்டு கண்களையும் விரலால் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்கிறாள்.

எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா? திருவாரூரில் அவள் சொல்லும் வரைக்கும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. தலையை ஆட்டினேன். அவள் இன்னும் என் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் தலையாட்டியது அவளுக்குத் தெரியவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. கையைப் பிடித்து இரண்டு தரம் அழுத்தினேன்.

பெருமூச்சு விட்டாள். பட்டைகளை உரித்தாள், சின்ன விசிறியால் காற்றுக் காட்டினாள். "மெதுவாத் தொறம்மா. எரியுதா? எரியாது." பெண் எழுந்து உட்கார்ந்தாள். குந்தவை அலமாரியைத் தடவிக் கைக்கண்ணாடியை எடுத்தாள். அதன் பின்பக்கத்துச் சிவப்புப் பிளாஸ்டிக்கைப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சிரித்தபடி காத்து நின்றாள்.